சர்க்கரை நோயில் ஆயுளைக் குறைக்கும் எடை: அளப்பது எப்படி, குறைப்பது எப்படி

மதுரை வட்டாரத்தில் சர்க்கரை நோய் உள்ளவரைச் சுற்றி இரண்டு பேச்சுகள் எப்போதும் நடக்கும். "கொஞ்சம் பூசினாற்போல இருந்தால்தான் நோயைத் தாங்கும்" என்பது ஒன்று. மருத்துவர் சொன்னபடி வாயைக் கட்டி, நடந்து, நாலைந்து கிலோ குறைத்தவரைக் கல்யாணப் பந்தியில் மடக்கி, "என்னப்பா, சுகர் வந்து உடம்பு இப்படி வத்திப் போச்சே!" என்று அங்கலாய்ப்பது மற்றொன்று. இவற்றை முழுப் பொய் என்று தள்ளிவிட முடியாது என்பதுதான் சிக்கல். சர்க்கரை நோயில் கூடுதல் எடை ஆயுளைக் குறைக்கிறது. அதே நோயில், முயற்சி ஏதும் இல்லாமல் எடை இறங்கினாலும் அது ஆபத்தின் அறிகுறியாக இருக்கலாம். ஆகவே எந்த எடையைக் குறைக்க வேண்டும், எந்த இளைப்பைக் கண்டு அஞ்ச வேண்டும் என்று முதலில் பிரித்தறிய வேண்டும். இங்கே சொல்லப்படுவது பெரும்பாலும் நடுவயதில் வரும் இரண்டாம் வகைச் சர்க்கரை நோயைப் பற்றியது.

குண்டானவர் நோயைத் தாங்குவாரா?

பூசினாற்போல இருப்பது நல்லது என்ற நம்பிக்கைக்கு ஆராய்ச்சியிலேயே ஆதாரம் கிடைத்துவிட்டதுபோலத் தோன்றிய ஒரு காலம் உண்டு. நோய் கண்டுபிடிக்கப்பட்ட நேரத்தில் சரியான எடையில் இருந்தவர்கள், எடை மிகுந்தவர்களைவிட அதிகமாக இறந்திருக்கிறார்கள் என்று 2012-இல் ஓர் அமெரிக்க ஆய்வு சொன்னது. அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து, 11,000-க்கும் மேற்பட்ட சர்க்கரை நோயாளிகளின் தரவை வைத்து அங்கேயே மற்றொரு ஆய்வு வெளிவந்தது. நோய் கண்டறியப்பட்டபோதே இதயநோயோ புற்றுநோயோ இருந்தவர்களை அது கணக்கில் சேர்க்கவில்லை. உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் உடல் நிறை குறியீட்டெண் (பி.எம்.ஐ.) 22.5 முதல் 24.9 வரை இருந்தவர்களுக்கே இறப்பு ஆபத்து மிகக் குறைவு என்றும், 35-க்கு மேல் போனவர்களுக்கு அது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடுதல் என்றும் அதில் தெரிந்தது. 22.5-க்குக் கீழே இருந்தவர்களுக்கும் ஆபத்து கூடியே தெரிந்தது. ஆனால் வாழ்நாளில் புகைத்தே இராதவர்களை மட்டும் தனியே பிரித்துப் பார்த்தபோது, எடை ஏற ஏற ஆபத்தும் நேர்கோட்டில் ஏறியது.

ஒல்லியானவர் அதிகமாக இறந்ததற்கு ஒல்லி காரணம் அல்ல என்பதே இதன் பொருள். புகைப்பவர் பெரும்பாலும் ஒல்லியாக இருப்பார். அவரைக் கொல்வது புகை. காசநோயோ கணையப் புற்றுநோயோ உள்ளே வளர்ந்துகொண்டிருப்பவர் இளைத்துப் போவார். அவரைக் கொல்வது அந்த நோய். கணையத்தில் இன்சுலின் சுரப்பு மிகவும் வற்றியவரும் இளைப்பார். அவருடைய நோய் தொடக்கத்திலிருந்தே கடுமையானது. இவர்களையெல்லாம் ஒரே கூட்டத்தில் சேர்த்துக்கொண்டு, பருத்தவர் நன்றாக வாழ்கிறார் என்று முடிவு கட்டுவது தவறான கணக்கு.

நம்மைப் பொறுத்தவரை கவலைப்பட இன்னொரு காரணமும் இருக்கிறது. புனேயைச் சேர்ந்த மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த மருத்துவர் யட்கினும் அருகருகே நிற்கும் படம் 2004-இல் 'தி லான்செட்' இதழில் வெளியானது. இருவருக்கும் உடல் நிறை குறியீட்டெண் 22.3. ஆனால் உடலில் கொழுப்பின் பங்கு யட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். கை கால் மெலிந்து, வயிறு மட்டும் முன்னே தள்ளி நிற்கும் நம் ஊர் உடலமைப்பை இதைவிடத் தெளிவாக விளக்கும் எண்கள் இல்லை. எடை காட்டும் எந்திரத்தில் சரியாக இருப்பவரும் உள்ளுக்குள் பருமனாக இருக்கலாம்.

வயிற்றுக்குள் குடலையும் கல்லீரலையும் சுற்றிப் படியும் கொழுப்பு அங்கே சும்மா கிடப்பதில்லை. அதிலிருந்து கொழுப்பமிலங்கள் ஓயாமல் கசிந்து கல்லீரலுக்குப் போகின்றன; கல்லீரலில் கொழுப்பு படிந்து, அது இன்சுலினுக்குக் கட்டுப்படாமல் தானே சர்க்கரையை இரத்தத்தில் விடத் தொடங்குகிறது. முக்கிளிசரைடு (டிரைகிளிசரைடு) என்ற இரத்தக் கொழுப்பு ஏறுகிறது, நல்ல கொலஸ்டிரால் இறங்குகிறது, இரத்த அழுத்தம் கூடுகிறது, இரத்தக் குழாய்ச் சுவரில் அழற்சி நிலைக்கிறது. சர்க்கரை நோயாளிகளின் உயிரைப் பெருமளவில் எடுப்பவை மாரடைப்பும் பக்கவாதமும்தான். அவற்றுக்கான பாதையை வயிற்றுக் கொழுப்பு இப்படித்தான் போடுகிறது. இதயம் தளர்ந்துபோதல், சிறுநீரகம் பழுதாதல், குறட்டையோடு தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருதல், கல்லீரல், பெருங்குடல், கருப்பை போன்ற உறுப்புகளில் வரும் சில புற்றுநோய்கள் ஆகியவற்றுக்கும் கூடுதல் எடையோடு தொடர்பு உண்டு.

நாடாவும் எந்திரமும்

தையல்காரர் பயன்படுத்தும் அளவு நாடா ஒன்று வீட்டில் இருந்தால் போதும். காலையில், காபிக்கு முன்னால், சட்டையைக் கழற்றிவிட்டு நேராக நில்லுங்கள். பக்கவாட்டில் கடைசி விலா எலும்பின் கீழ் விளிம்பையும், இடுப்பு எலும்பின் மேல் விளிம்பையும் விரலால் தொட்டுப் பாருங்கள். இரண்டுக்கும் நடுவே நாடாவைத் தரைக்கு இணையாகச் சுற்றி, மூச்சை இயல்பாக வெளியே விட்ட நிலையில், வயிற்றை எக்காமல் அளவைப் படியுங்கள். வேட்டி கட்டும் இடத்தை அளந்தால் ஏமாந்து போவோம். தொப்பை வளர வளர வேட்டியும் பேன்ட்டும் அதற்குக் கீழே இறங்கிக்கொள்கின்றன என்பதால், இருபது ஆண்டுகளாக "எனக்கு முப்பத்தாறுதான்" என்று சொல்லித் திரிகிறவர்களை எந்தத் துணிக்கடையிலும் பார்க்கலாம். தெற்காசியர்களில் ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்பதே எல்லை. அதைத் தாண்டினால் எடை எவ்வளவாக இருந்தாலும் வயிற்றுக் கொழுப்பு மிகுதி என்று கொள்ள வேண்டும்.

அடுத்தது உடல் நிறை குறியீட்டெண். கிலோ எடையை, மீட்டரில் எடுத்த உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் அது கிடைக்கும். 165 செ.மீ. உயரமும் 72 கிலோ எடையும் உள்ளவருக்கு 26.4 வரும். ஐரோப்பியருக்கான அட்டவணை இதை வெறும் 'கூடுதல் எடை' என்று சொல்லி விட்டுவிடும். இந்தியர்களுக்கான எல்லையோ 23-லிருந்து கூடுதல் எடை, 25-லிருந்து உடல் பருமன். ஆகவே அவர் நம் கணக்கில் பருமனானவர். 25-க்குக் கீழே வர அவர் 68 கிலோவைத் தொட வேண்டும். 23-க்கு வர 62.5 கிலோ.

எடையை வாரம் ஒரு முறை, ஒரே எந்திரத்தில், ஒரே நேரத்தில் பார்ப்பது போதுமானது. தினமும் பார்த்தால் நீரின் ஏற்ற இறக்கத்தால் ஒரு கிலோ வரை ஆடுவதைக் கண்டு மனம் சலிக்கும். ஆனால் இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறி, காலில் அழுத்தினால் குழி விழுகிறது, படுத்தால் மூச்சு வாங்குகிறது என்றால் அது கொழுப்பு அல்ல. இதயமோ சிறுநீரகமோ தளர்ந்து நீர் கோத்திருக்கக்கூடும் என்பதால் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

அஞ்ச வேண்டிய இளைப்பு

நீங்கள் எதையும் மாற்றாமல் ஆறு மாதத்திற்குள் எடையில் இருபதில் ஒரு பங்கு குறைந்திருந்தால், அதாவது 70 கிலோவில் மூன்றரை கிலோ போயிருந்தால், அதைக் கொண்டாடக் கூடாது. பந்தியில் கேட்ட அந்த உறவினரின் கேள்வி இங்கே மட்டும் நியாயமானது. சர்க்கரை கட்டுக்கடங்காமல் சிறுநீரில் வெளியேறுவது முதல் காரணம். இரவில் பலமுறை எழுந்து போவதும் தாகமும் அதைக் காட்டிக்கொடுக்கும். சர்க்கரை நோய் உள்ளவருக்குக் காசநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு என்பதால், இரண்டு வாரத்திற்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை இவற்றில் ஒன்று சேர்ந்திருந்தாலும் சளிப் பரிசோதனை செய்தே தீர வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து அரசு இராஜாஜி மருத்துவமனை வரை அது இலவசம். ஐம்பது வயதைக் கடந்த ஒல்லியான ஒருவருக்குச் சர்க்கரை நோய் புதிதாக வந்து எடையும் இறங்கினால், கணையத்தையும் பார்க்கச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை. இவர்களுக்கு எடை குறைப்பு ஆலோசனை பொருந்தாது.

எவ்வளவு குறைக்க வேண்டும்?

இலக்கு சிறிதாக இருக்கலாம். உடல் எடையில் 5 சதவீதம் குறைந்தாலே சர்க்கரை, இரத்த அழுத்தம், முக்கிளிசரைடு மூன்றும் இறங்கத் தொடங்கும். நம் 72 கிலோக்காரருக்கு அது மூன்றரைக் கிலோ சொச்சம். ஆனால் எண்கள் இறங்குவதும் ஆயுள் கூடுவதும் ஒன்றல்ல. அமெரிக்காவில் 2001-இல் தொடங்கிய 'லுக் அஹெட்' ஆய்வில், எடை மிகுந்த 5,145 சர்க்கரை நோயாளிகளில் பாதிப் பேருக்குத் தீவிர உணவு, உடற்பயிற்சி வழிகாட்டல் தரப்பட்டது. முதல் ஆண்டில் அவர்கள் சராசரியாக 8.6 சதவீத எடையைக் குறைத்தார்கள். முடிவில் நின்றது 6 சதவீதம். ஏறத்தாழ பத்து ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் ஆகியவற்றில் இரண்டு பிரிவினருக்கும் தெளிவான வேறுபாடு இல்லை. முதல் ஆண்டிலேயே 10 சதவீதமோ அதற்கு மேலோ குறைத்தவர்களைத் தனியே பார்த்தபோதுதான் ஆபத்து ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது தெரிந்தது. பின்னால் பிரித்துப் பார்த்த கணக்கு என்பதால் இதை உறுதியான ஆதாரமாகக் கொள்ள முடியாது என்றாலும், திசையைக் காட்டுகிறது. என் கருத்தில், இயன்றவர்கள் 10 சதவீதத்தைக் குறிவைக்க வேண்டும். 5 சதவீதத்தில் நின்றுவிட்டாலும் நட்டமில்லை.

நோய் வந்து ஆறு ஆண்டுகளுக்குள் இருப்பவருக்கு இன்னொரு வாய்ப்பு இருக்கிறது. பிரிட்டனில் நடந்து 2017-இல் வெளியான 'டைரக்ட்' ஆய்வில், சில மாதங்கள் நாளுக்கு 850 கலோரி அளவுக்கு உணவைச் சுருக்கி, 15 கிலோவோ அதற்கு மேலோ குறைத்தவர்களில் 86 சதவீதம் பேருக்கு மாத்திரை இல்லாமலே, மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. 6.5-க்குக் கீழே வந்தது. மருத்துவர் மேற்பார்வையில் செய்தது அது. வீட்டில் தானாகவே பட்டினி கிடந்து பார்க்கும் விஷயம் அல்ல. குறிப்பாக கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளோ இன்சுலினோ எடுப்பவர் உணவை மட்டும் குறைத்துவிட்டு மருந்தைப் பழைய அளவிலேயே தொடர்ந்தால், தாழ்சர்க்கரையில் மயங்கி விழ நேரிடும். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மாத்திரை வீடு தேடி வருவது பெரிய வசதி. ஆனால் ஐந்து கிலோ குறைந்த பிறகும் அதே மாத்திரை அதே அளவில் வந்துகொண்டிருந்தால், ஒரு முறை நேரில் போய் அளவைத் திருத்திக்கொண்டு வர வேண்டும்.

சாப்பாட்டில் எங்கே கை வைப்பது

பெரும்பாலானோர் சோற்றில் கை வைப்பார்கள். சோற்றைக் குறைப்பது சரிதான். தட்டில் பாதி காய்கறியும் கீரையும், கால் பங்கு பருப்பு, சுண்டல், முட்டை, மீன் போன்ற புரதமும், மிச்சக் கால் பங்கு சோறோ சப்பாத்தியோ என்பது எளிய அளவு. அயிரை மீன் குழம்பு தாராளமாக இருக்கலாம், அதோடு போகும் சோறுதான் கணக்கு. கம்பும் கேழ்வரகும் நல்லவை. ஆனால் சிறுதானியம் என்பதற்காக இரண்டு மடங்கு சாப்பிட்டால் சர்க்கரையும் ஏறும், எடையும் ஏறும். சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்கள் புரதத்தின் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

எடையைப் பொறுத்தவரை எனக்குப் பெரிய எதிரியாகத் தெரிவது எண்ணெய். மாவுச்சத்து ஒரு கிராமுக்கு 4 கலோரி; எண்ணெய் 9. வீட்டு மளிகைச் சீட்டை எடுத்துப் பாருங்கள். ஒருவருக்கு மாதம் அரை லிட்டர் என்ற கணக்கில் நான்கு பேர் உள்ள வீட்டுக்கு இரண்டு லிட்டர் போதும். அங்கே நான்கு லிட்டர் வாங்கினால், கூடுதலாக உள்ளே போகும் இரண்டு லிட்டர் ஏறத்தாழ 16,000 கலோரி, தலைக்கு 4,000. உடல் கொழுப்பு ஒரு கிலோ சுமார் 7,700 கலோரி என்று வைத்துக்கொண்டால், மாதத்துக்கு அரைக் கிலோவுக்கான சரக்கு அந்த எண்ணெய்க் குடத்தில் இருக்கிறது. உடல் இவ்வளவு நேர்க்கணக்கில் நடந்துகொள்ளாது என்றாலும், எங்கே குறைக்கலாம் என்பது தெரிந்துவிடும். செக்கு எண்ணெய், நெய் எல்லாவற்றுக்கும் இதே கலோரிதான்.

அடுத்து, இரவுச் சாப்பாடு. மதுரையில் இரவு பத்து மணிக்கும் பரோட்டாக் கல் சூடாகவே இருக்கிறது. பிசையும்போது எண்ணெய், உருண்டைகளை ஊறவைக்க எண்ணெய், கல்லில் எண்ணெய், மேலே மிதக்கும் சால்னாவில் எண்ணெய் என்று அந்த மைதா நான்கு முறை குளித்து இலைக்கு வருகிறது, தின்றதும் படுக்கைதான். அறவே விட முடியாதவர்கள் அதை மாதம் ஒரு முறை என்று வைத்துக்கொண்டு, அன்றைக்கும் ஒன்றோடு நிறுத்தி, கூடவே ஆம்லெட்டோ வறுக்காத கோழியோ வாங்கி வயிற்றை நிரப்பிக்கொள்ளலாம். மற்ற நாள்களில் எட்டு மணிக்குள் இரண்டு மூன்று இட்லியும் நிறைய காய்கறி போட்ட சாம்பாரும் என்று முடித்துக்கொள்வது நல்லது. பாதாம் பிசினும் நன்னாரியும் உடலுக்குக் குளிர்ச்சி என்ற சமாதானத்தில் ஜிகர்தண்டா குடிப்பவர்கள், அதில் இருக்கும் சுண்டக் காய்ச்சிய இனிப்புப் பாலையும் ஐஸ்கிரீமையும் மறந்துவிடுகிறார்கள்.

நடையும் தசையும்

வாரத்துக்கு 150 நிமிட வேகநடை என்பது அடிப்படை. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அந்த வேகம். வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றிக் காலையில் நடப்பவர்களில் பலர் பேச்சுச் சுவாரசியத்தில் அந்த வேகத்தைத் தொடுவதே இல்லை. ஒவ்வொரு வேளை சாப்பாட்டுக்குப் பிறகும் பத்துப் பதினைந்து நிமிடம் நடப்பது, உணவுக்குப் பின் ஏறும் சர்க்கரையை நன்றாகவே தணிக்கும். நடையோடு வாரம் இரண்டு நாள் தசைக்கும் வேலை தர வேண்டும். எடை குறையும்போது கொழுப்போடு தசையும் கரைகிறது. தசை கரைந்த உடல் சர்க்கரையை முன்போல எரிக்காது, முதுமையில் தடுக்கி விழும். கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவதைப் பத்து முறை, சுவரில் கை ஊன்றித் தள்ளுவதைப் பத்து முறை என்று தொடங்கினால் செலவில்லை.

வெறுங்காலுடன் திருப்பரங்குன்றம் கிரிவலம் போகும் வழக்கம் உள்ளவர்கள், காலில் மரத்துப்போன உணர்வோ எரிச்சலோ இருந்தால் அதை விட்டுவிட வேண்டும். தார்ச்சாலைச் சூட்டில் வந்த கொப்புளம் தெரியாமலே புண்ணாகி, விரலை எடுக்கும் அளவுக்குப் போவது உண்டு. சர்க்கரை நோயாளிகளுக்கான மெத்தென்ற ரப்பர் அடி வைத்த எம்.சி.ஆர். செருப்பு போட்டுக்கொண்டு நடப்பதை முருகன் குறையாகக் கொள்ளமாட்டார்.

எடையோடு சேர்த்துப் பார்க்க வேண்டியவை

சுவீடனில் சுமார் 2.7 லட்சம் சர்க்கரை நோயாளிகளின் பதிவேட்டை வைத்து 2018-இல் வெளியான ஆய்வு ஒன்று, எச்.பி.ஏ.1.சி., கெட்ட கொலஸ்டிரால், இரத்த அழுத்தம், சிறுநீரில் கசியும் ஆல்புமின் என்ற புரதம், புகைப்பழக்கம் ஆகிய ஐந்தும் கட்டுக்குள் இருப்பவருக்கு இறப்பு ஆபத்து சர்க்கரை நோய் இல்லாதவர்களைவிட மிகச் சொற்பமே கூடுதல் என்று காட்டியது. அந்த ஐந்தில் எடை இல்லை. இறப்பை முன்கூட்டிக் காட்டியவற்றில் புகைப்பழக்கமே முதலிடத்தில் இருந்தது. பீடியை விட்டால் இரண்டு மூன்று கிலோ ஏறும் என்று பயப்படுகிறவர், அந்த எடையை ஏற்றுக்கொண்டு பீடியை விடுவதே உயிருக்கு லாபம். எடை இறங்கவே மாட்டேன் என்கிறது என்று சோர்ந்தவரும், இரத்த அழுத்த மாத்திரையையும் கொலஸ்டிராலைக் குறைக்க மருத்துவர் தந்த ஸ்டாட்டின் மாத்திரையையும் ஒழுங்காக எடுத்துக்கொண்டால் ஆயுளின் பெரும்பகுதியைக் காத்துக்கொள்ள முடியும்.

மருந்தைத் தேர்வதிலும் எடை சேரும். இன்சுலின், கிளிமிபிரைடு வகை, பியோகிளிட்டசோன் ஆகியவை எடையைக் கூட்டக்கூடியவை, மெட்பார்மின் கூட்டாது. பிரிட்டனில் 1998-இல் வெளியான பெரிய ஆய்வில், எடை மிகுந்த நோயாளிகளிடையே மெட்பார்மின் இறப்பை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைத்தது. சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றும் எம்பாகிளிஃப்ளோசின், ஏற்கெனவே இதயநோய் உள்ளவர்களிடம் மொத்த இறப்பை 32 சதவீதம் குறைத்ததாக 2015-இல் தெரியவந்தது. இவ்வகை மாத்திரை எடுப்பவர்கள் விரதம் இருக்கும்போதோ வாந்தி பேதியின்போதோ அதை நிறுத்தி வைக்க வேண்டுமா என்று முன்னதாகவே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். செமாகுளுடைடு, டிர்செபடைடு ஊசிகள் எடையை வெகுவாகக் குறைக்கின்றன. ஆனால் செமாகுளுடைடு ஆய்வொன்றில், சர்க்கரை சட்டென்று இறங்கியபோது விழித்திரைப் பாதிப்பு முற்றியவர்கள் இருந்ததால், ஊசியைத் தொடங்குமுன் விழித்திரையைச் சோதித்துக்கொள்வது நல்லது. 1976-இல் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கும் ஊரில் அதற்கு அலைய வேண்டியதில்லை. ஊசியை நிறுத்தினால் போன எடையில் பெரும்பகுதி திரும்புவது வழக்கம் என்பதையும், மாதச் செலவையும் சேர்த்து யோசித்தே தொடங்க வேண்டும். குறியீட்டெண் 27.5-க்கு மேல் இருந்து, மருந்துகளுக்கும் சர்க்கரை அடங்காதவர்களுக்கு இரைப்பை அறுவைச் சிகிச்சையும் ஒரு வழி.

எழுபதைத் தாண்டிய பெற்றோரிடம் இந்தக் கணக்கை அப்படியே போடக் கூடாது. அந்த வயதில் குறியீட்டெண் 25, 26 என்று இருப்பதால் கெடுதல் சொற்பம். வலிந்து இளைக்க வைத்தால் தசை போய், எழுந்து நடக்கும் தெம்பும் போய்விடும். அவர்களுக்குச் சோற்றைச் சுருக்குவதைவிட, ஒரு முட்டையையோ ஒரு கிண்ணம் பருப்பையோ கூட்டி, வாசலிலிருந்து தெருமுனை வரை தினம் நடக்க வைத்து, எச்.பி.ஏ.1.சி. இலக்கை 7.5 அல்லது 8 வரை தளர்த்தலாமா என்று மருத்துவரிடம் கேட்டு, தாழ்சர்க்கரை வராதபடி மாத்திரையைக் குறைத்துக்கொள்வதே பொருத்தம்.